அத்தாவின் லென்ஸும் அம்மாவின் கண்ணும்



எங்கள் அத்தா வஃபாத்தான பின்னர் அவருடைய இரும்பு பீரோவைத் திறக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அம்மா சாவியைத் தம் முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தார், நாங்களும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டின் ஒரு ஞாயிறு காலையில் அவரே சாவியை எடுத்து நீட்டினார். அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். நடந்தது இருவருக்கும் பொது. தவறும் இருவருக்கும் பொது.

பீரோவில் மில் சம்பளச் சீட்டுகளின் கட்டு, மடிப்புக் கலையாத இரண்டு கைலிகள், காய்ந்துபோன அத்தர் குப்பி ஆகியவற்றோடு பழுப்பு நிறத் தோல் உறையொன்றில் அத்தாவின் காமிரா இருந்தது. கோவையின் பஞ்சாலை ஒன்றில் பிட்டராக இருந்த அவருக்கு, குவைத்தில் வேலை பார்த்த மாமு 1981இல் கொண்டுவந்து கொடுத்தது அது. சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஜெனித்-ஈ. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியை ஒட்டி வெளிவந்ததாகையால் அதன் நெற்றியில் ஒலிம்பிக் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. செங்கல்லைப் போன்ற எடை. பேட்டரி கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் கருவி செலினியம் தகட்டினால் இயங்குவது. அதன் முகப்பில் திருகப்பட்டிருந்த லென்ஸ்தான் இக்கட்டுரையின் பொருள்.

அந்த லென்ஸின் பெயர் ஹீலியோஸ் 44-2. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் வடிவமைத்த பயோட்டார் என்னும் லென்ஸை அடியொற்றிச் சோவியத் ஆலைகள் பெருந்தொகையில் செய்து தள்ளியது இது. உள்ளே ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகளாக. அவற்றின் நடுவே எட்டுத் தகடுகளாலான ஒரு திறப்பு. இதைத்தான் அப்பெர்ச்சர் என்கிறோம். வளையத்தைத் திருப்பினால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வட்டத்தைச் சுருக்குகின்றன.

வளையத்தின் மேல் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் உண்டு. எண் பெரிதானால் துளை சிறிதாகும். சிறுவயதில் எங்களைக் குழப்பிய இக்கணக்கை அத்தா ரொட்டியை வைத்து விளக்குவார்: "ஒரு ரொட்டிய ரெண்டாப் பிச்சாப் பெரிய துண்டு, பதினாறாப் பிச்சா எத்தினிக் கிடைக்கும்?" கணக்கும் அதுவே. லென்ஸின் குவியத் தூரமான 58 மில்லிமீட்டரை இரண்டால் வகுத்தால் 29 மி.மீ. அகலத் திறப்பு, பதினாறால் வகுத்தால் மூன்றரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு எண்ணைக் கடக்கும்போதும் உள்ளே புகும் ஒளி பாதியாகிறது.

இன்றைய லென்ஸ்கள் எந்தத் திறப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி கணினியின் துணையால் வடிக்கப்படுகின்றன. பழைய லென்ஸ்கள் அப்படியல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஹீலியோஸை முழுவதும் திறந்து எஃப் 2இல் வைத்தால், நடுவில் உள்ள முகம் தெளிவாக நிற்கும். ஆனால் அதன் மேல் மெல்லிய ஒளிப்புகை படர்ந்தது போலிருக்கும். கண்ணாடியின் ஓரங்களின் வழியாக வரும் கதிர்கள் நடுவழியே வரும் கதிர்களோடு ஒரே புள்ளியில் கூடாமையே இதற்குக் காரணம். பின்னணியில் இலைகளின் ஊடே தெரியும் வெளிச்சப் புள்ளிகள் நடுவில் வட்டமாகவும், ஓரம் போகப்போகப் பூனைக் கண் போல ஒடுங்கியும் தெரியும். அவை யாவும் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போன்ற தோற்றம் உண்டாகும். எஃப் 2.8இல் புகை விலகத் தொடங்கும். எஃப் 4இல் சுழற்சி அடங்கும். எஃப் 8இல் ஓரங்களும் துலங்கி, சுவரின் செங்கல் வரிசை முழுவதும் எண்ணும்படி நிற்கும். எஃப் 16இல் துளை மிகவும் சிறுத்து, ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் கூர்மை மீண்டும் சற்றுக் குறையும்.

இவற்றையெல்லாம் அத்தா நூல் படித்து அறிந்தவரல்லர். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இயங்கிய காலம் அது. அங்கு உருவான 'இந்து' கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும். மாதம் ஒரு சுருளுக்கு மேல் வாங்க அவருக்கு வசதியில்லை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் என்ன திறப்பு, என்ன வேகம் என்று ஒரு சிறு டைரியில் குறித்து வைத்துப் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் மரம், மேற்கே தெரியும் மலை, நொய்யலின் அணைக்கட்டு, மழைக்கு முந்தைய வானம் ஆகியவையே அவருடைய படங்கள். மனிதர்களைப் படமெடுப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. உருவப்படம் குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாங்கள் இங்கே புகவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் எந்தப் படமும் மாட்டப்பட்டதில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

ஆனால் பீரோவின் அடித்தட்டில் ஓர் உறைக்குள் ஒரே ஒரு படம் இருந்தது. 1984இல் ஒரு நோன்புப் பெருநாள் பிற்பகலில், குனியமுத்தூர் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தின் முன் அம்மா நிற்கிறார். தலையில் முக்காடு, முகத்தில் எரிச்சலும் சிரிப்பும் பாதிப்பாதி. டைரியில் அதற்கு நேரே 'எஃப் 2, 1/125' என்று மட்டும் இருந்தது. பெயர் எழுதப்படவில்லை.

அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினோம். கையில் வாங்கி, வாசற்பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். துயரம் போலும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவருக்குப் படம் தெரியவில்லை என்பது எங்கள் நினைவுக்கே வரவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கங்கண சூரிய கிரகணம் நம் கோவையின் மேல் சரியாகக் கடந்து சென்றதை வாசகர் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். எங்களில் ஒருவர் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகையில் இருந்தோம்; மற்றவர் வீட்டுக் கொல்லையில் அம்மாவோடு இருந்தோம். ஒன்பதரை மணியளவில் வேப்பமர நிழல் முழுவதும் சின்னஞ்சிறு ஒளி வளையங்கள் உதிர்ந்து கிடந்தன. இலைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு காமிரா போலச் செயற்பட்டு, வானத்து வளையத்தைத் தரையில் வரைந்திருந்தது. அகன்ற இடைவெளிகள் விழுந்த இடங்களில் மட்டும் வளையம் இல்லை. வெறும் வெளிச்சத் திட்டு.

இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். ஒளியியல் பற்றிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை இயற்றிய அவர், கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாகவும் ஒரு நூல் எழுதினார். பிறையாகக் குறைந்த சூரியனின் ஒளி சிறு துளை வழியாக வந்தால் சுவரில் பிறையாக விழுகிறது. துளையை அகலமாக்கினால் பிறை மறைந்து விடுகிறது. ஏன் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். துளையின் அளவே பிம்பத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். அத்தாவின் டைரியும் அதைத்தான் தன் வழியில் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று அம்மாவை அழைத்து வளையங்களைக் காட்டினோம். "ஒண்ணுந் தெரியல கண்ணு, வெளிச்சந்தான் கூசுது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். வயதானால் ஆர்வம் குறைந்துவிடுகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இனி நாங்கள் சொல்லத் தயங்கும் பகுதி.

ஃபஜ்ருக்குப் பின் குர்ஆன் ஓதுவது அம்மாவின் வாழ்நாள் பழக்கம். பெரிய எழுத்து முஸ்ஹஃபை ரைஹாலில் வைத்து, சூரியன் நன்றாக ஏறும்வரை ஓதுவார். அவ்வாண்டுகளில் அவர் ஓதுமிடம் மாறிக்கொண்டே வந்தது. முன்னர் வாசல் திண்ணை, பின்னர் கூடம், கடைசியில் சமையலறைக்குப் போகும் வழியில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், விளக்குப் போடாத மூலை. இருட்டில் ஓதினால் கண் கெட்டுவிடும் என்று நாங்கள் கடிந்துகொண்டோம். கடிந்ததோடு நில்லாமல், நல்ல வெளிச்சமுள்ள எல்.இ.டி. மேசை விளக்கொன்று வாங்கி, கிழக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, "இனி இங்கதான் ஓதணும்" என்று உட்கார வைத்தோம். அம்மா மறுக்கவில்லை. "எம் புள்ளைங்க வாங்கிக் குடுத்தது" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டார். சில வாரங்களில் அவர் ஓதும் நேரம் குறைந்தது. பின்னர் முஸ்ஹஃப் மூடியபடியே மடியில் இருக்க, மனப்பாடமான சூராக்களை மட்டும் முணுமுணுத்தார். நாளடைவில் அதற்கும் முஸ்ஹஃபை எடுப்பது நின்றது.

2020ஆம் ஆண்டின் ரமளான் ஊரடங்கில் வந்தது. பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டிருந்தன, தராவீஹை வீட்டிலேயே தொழுதோம். அந்த மாதத்திலும் அம்மா முஸ்ஹஃபைத் திறக்கவில்லை. ஆண்டுதோறும் ரமளானில் இரண்டு முறை குர்ஆனை முடித்தவர் அவர். எங்களுக்கு மனம் கனத்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. ஒருநாள் சஹருக்குப் பின் எங்களில் ஒருவர், "அத்தா இருந்திருந்தா இப்படி விட்டிருப்பீங்களாம்மா?" என்று கேட்டேவிட்டோம். அம்மா பதில் சொல்லாமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கேள்வியை இன்றும் எங்களால் விழுங்க முடியவில்லை.

வேலையற்ற அந்தப் பகற்பொழுதுகளில்தான் அத்தாவின் லென்ஸைச் சோதித்துப் பார்த்தோம். 42 மி.மீ. திருகு கொண்ட அந்த லென்ஸை இன்றைய டிஜிட்டல் காமிராவில் பொருத்தச் சில நூறு ரூபாயில் ஒரு வளையம் கிடைக்கிறது. மொட்டைமாடிச் சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, காமிராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 2 தொடங்கி 16 வரை ஏழு படங்கள் எடுத்தோம். எஃப் 2இல் எதிர்பார்த்த ஒளிப்புகை. 2.8இலும் 4இலும் எழுத்துகள் தெளிந்தன. ஆனால் 8க்கு மேல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. துளையைச் சுருக்கச் சுருக்கப் படம் தெளிவதற்குப் பதிலாக வெளிறிக்கொண்டே போயிற்று. 16இல் பால் தெளித்தது போல ஆயிற்று. படத்தில் எங்கும் கறை தெரியவில்லை. முழுப் படமும் சோர்ந்திருந்தது.

லென்ஸைக் கழற்றிப் பின்புறமிருந்து டார்ச் ஒளியில் பார்த்தோம். திறப்புத் தகடுகளை ஒட்டிய கண்ணாடியின் நட்டநடுவில், சிலந்தி வலை போன்ற பூஞ்சை, ஏறக்குறைய 2 மி.மீ. அகலத்தில். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றின் மாதங்கள் பலவற்றை அது பூட்டிய பீரோவுக்குள் கழித்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்தது. 29 மி.மீ. திறப்பில் 2 மி.மீ. கறை என்பது பரப்பளவில் இருநூற்றில் ஒரு பங்குதான். மற்ற இடமெல்லாம் நல்ல கண்ணாடி. அதன் வழியாக வரும் ஒளி கறையை மூழ்கடித்துவிடும். மூன்றரை மி.மீ. திறப்பிலோ அதே கறை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒளிக்கு வேறு வழியில்லை. கறையைக் கடந்துதான் வர வேண்டும்.

அஸருக்குப் பின் கூடத்தில் அமர்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தோம். இஃப்தாருக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியோடு வந்து நின்று கேட்டார்: "என்ன, உங்க அத்தா காமிராவுக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சா?"

விளக்கினோம். துவாரம் அகலமாக இருந்தால் நன்றாகத் தெரிகிறது. சுருங்கினால் கறைதான் தெரிகிறது என்றோம். அம்மா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "எங் கண்ணும் அப்படித்தான் இருக்குதோ என்னமோ. மூலையில உக்காந்தா எழுத்து தெரியும். நீங்க அந்த லைட்டைப் போட்டா எல்லாம் வெள்ளையாப் போயிருது."

"அத ஏம்மா எங்ககிட்டச் சொல்லல?"

"ஆசையா வாங்கிக் குடுத்தீங்க. எப்படிச் சொல்றது?"

எங்கள் இருவராலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அன்றே அந்த விளக்கை எடுத்து வைத்தோம். நாற்காலியை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அந்த அரையிருட்டில் அம்மா முஸ்ஹஃபைத் திறந்து, விரலை வைத்து, மிக மெதுவாக ஓதினார். அந்த ரமளானில் அவரால் குர்ஆனை முடிக்க இயலவில்லை, ஆறு ஜுஸ்உகள்தான். ஒவ்வொரு நாளும் அந்த மெதுவான ஓசை எங்களுக்குக் கேட்டது.

அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் ஒத்தி வைக்கப்பட்டிருந்த காலமாகையால் கண் மருத்துவரிடம் போகச் சில மாதங்கள் ஆயின. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்த மருத்துவர், இரு கண்களிலும் விழிலென்ஸின் பின்பக்க நடுவில் புரை படர்ந்திருப்பதாகச் சொன்னார். நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வகைப் புரை வருவதுண்டு. அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. நம் கண்ணின் பாவையும் ஓர் அப்பெர்ச்சர்தான்: இருளில் ஏழெட்டு மி.மீ. வரை விரியும்; கடும் வெளிச்சத்தில் இரண்டு மி.மீ. அளவுக்குச் சுருங்கும். அருகில் வைத்துப் படிக்கும்போதும் சுருங்கும். நடுவில் புரை உள்ளவருக்கு வெளிச்சத்தைக் கூட்டினால், புரையில்லாத ஓரங்களை அடைத்துப் புரையை மட்டும் திறந்து வைத்ததாக ஆகிறது. நாங்கள் ஓராண்டாக அன்போடு செய்துவந்தது அதுதான்.

புரையுண்ட விழிலென்ஸை அகற்றி அங்கே செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949இல் லண்டனில் முதன்முதலாகச் செய்தவர் ஹெரால்டு ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லுகளை உடல் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. நெடுங்காலம் வசதியுள்ளோருக்கே எட்டியிருந்த அந்த லென்ஸைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. இன்று நம் ஊர்களில் ஏழை எளியோரும் இச்சிகிச்சையைப் பெறுகிறார்கள். செப்டம்பரில் அம்மாவுக்கு ஒரு கண்ணிலும், அடுத்த மாதம் மறு கண்ணிலும் சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக முடிந்தது.

கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் கழித்து அம்மாவே அந்தப் படத்தைக் கேட்டார். உறையிலிருந்து எடுத்து, இம்முறை வெளிச்சத்துக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே பார்த்தார்.

"வேப்பமரம் ஏன் இப்படிச் சுத்துது?"

எஃப் 2இல் அந்த லென்ஸின் குணம் அது என்றோம்.

"அப்ப வேணும்னே எடுத்ததுதானா? சரியா எடுக்கத் தெரியலன்னு அன்னிக்கு உங்க அத்தாவைத் திட்டிப்போட்டேன். 'ஒம் மொகம் தெளிவா இருக்குதல்ல, அது போதும்'னாங்க." சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படத்தை உறையிலிட்டு, தம் கையாலேயே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

லென்ஸைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பூஞ்சையைத் துடைத்தோம். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டதால் சிறு தழும்பு நிலைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய லென்ஸ் இருக்குமானால் தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள். டார்ச் ஒளியில் உள்ளே பாருங்கள். எங்களுடையதை இப்போது எஃப் 4க்கு மேல் சுருக்குவதில்லை. அதன் தழும்பை நாங்கள் அறிந்திருக்கிறோம்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அவர்கள் ஒரு வழக்கத்தை விட்டுவிட்டால், ஏன் விட்டீர்கள் என்று குற்றமாகக் கேட்பதற்கு முன், என்ன சிரமம் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் மூலையைத் தேடிப் போனால் அங்கே ஏதோ காரணம் இருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணைப் பரிசோதிக்கத் தவறாதீர்கள். நாங்கள் வாங்கிய விளக்கின் விலையைவிட அதற்கு அதிகம் ஆகியிராது.

அம்மா இப்போது மீண்டும் வாசல் திண்ணையில் அமர்ந்து ஓதுகிறார். சென்ற ரமளானில் இரண்டு முறை குர்ஆனை முடித்தார். அன்று சஹருக்குப் பின் நாங்கள் கேட்ட கேள்விக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் நெனப்பே இல்ல கண்ணு" என்றார். நினைவிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் அத்தாவின் மறுமை வாழ்வுக்காகவும், எங்கள் அம்மாவின் நலனுக்காகவும், எங்கள் இருவருடைய பிழை பொறுக்கப்படவும் துஆச் செய்யுங்கள்.